1997-இல் வராத ஆட்டங்கள்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடியோ கேம் பற்றிப் பேச்சு என்றதும் பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்ட பெற்றோர் சிலரை வரும்போது பார்த்தேன். அவர்களும் தாராளமாக உள்ளே வரலாம். ஸ்கோர் ஏற்றுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை.

'உங்களுக்குப் பிடித்த ஆண்டு, அந்த ஆண்டில் உங்களுக்குப் பிடித்த ஆட்டங்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஆண்டைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை. 1998தான். அதில் நவம்பர் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 'ஹாஃப்-லைஃப்' வெளியானது. 21-ஆம் தேதி ஜப்பானில் நிண்டெண்டோவின் 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' கடைக்கு வந்தது. 27-ஆம் தேதி அதே ஜப்பானில் சேகா நிறுவனம் 'ட்ரீம்காஸ்ட்' கன்சோலை விற்பனைக்கு வைத்தது. மாதம் முடியும் நேரத்தில் 'தீஃப்' வந்தது.  ஒரு மாதக் கணக்கு இது. ஜனவரியில் 'ரெசிடென்ட் ஈவில் 2', மார்ச் 31 அன்று 'ஸ்டார்கிராஃப்ட்', செப்டம்பரில் ஜப்பானில் 'மெட்டல் கியர் சாலிட்', அதே மாதம் அமெரிக்காவில் 'போகிமான்', அக்டோபரில் 'கிரிம் ஃபாண்டாங்கோ', டிசம்பரில் 'பால்டர்ஸ் கேட்' என்று மீதிப் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் பேசினால் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஆண்டில் ஏன் இத்தனை? தற்செயல் என்பார்கள். கம்ப்யூட்டர் வேகம் கூடியது, கிராபிக்ஸ் அட்டை மலிந்தது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இந்த ஆட்டங்களின் பிறப்புக் கதைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருகிறது. இவற்றில் பல 1997-லேயே வந்திருக்க வேண்டியவை. சில ஏறக்குறைய முடிந்தும்விட்டன. செய்தவர்களே உட்கார்ந்து விளையாடிப் பார்த்து, 'இது சரியில்லை' என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 1998-இன் பெருமையெல்லாம் 1997-இல் வராமல் நின்றவற்றின் பெருமை என்பதுதான் என் கட்சி.

அந்தக் காலத்தின் தலைவலி என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 1996 ஜூனில், ஒரு நாள் இடைவெளியில், இரண்டு ஆட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 'குவேக்', ஜப்பானில் 'சூப்பர் மாரியோ 64'. இரண்டும் முழு முப்பரிமாணம். அதுவரை மாரியோ இடமிருந்து வலம் ஓடினான். பள்ளம் வந்தால் தாண்டினான். இப்போது அவனைச் சுற்றி ஓர் உலகம் நிற்கிறது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் 'நாமும் இதைச் செய்யவேண்டும்' என்று அலறிக்கொண்டு ஓடின. ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல் தெரிந்தது. முப்பரிமாண உலகில் ஆட்டக்காரன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று யாருக்கும் தெரியாது. எதிரி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். கேமரா சுவரில் முட்டிக்கொள்ளும். கதை சொல்ல ஒரு பாத்திரம் வந்து பேசினால், ஆட்டக்காரன் அந்தப் பக்கம் திரும்பாமல் மூலையில் இருக்கும் பீப்பாயை உடைத்துக்கொண்டிருப்பான்.

இனி ஹாஃப்-லைஃப். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துச் சம்பாதித்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996-இல் வேலையை விட்டுவிட்டு 'வால்வ்' என்று கம்பெனி தொடங்கினார்கள். கேம் செய்து அனுபவமில்லை. குவேக் ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலான என்ஜினைக் காசு கொடுத்து உரிமம் வாங்கி, அதைத் தங்களுக்கு வேண்டியபடி மாற்றினார்கள். 1997 கிறிஸ்துமஸுக்கு வெளியிடுவதாகத் திட்டம். செப்டம்பர் வாக்கில் ஆட்டம் கிட்டத்தட்ட இருந்தது. ஆயுதங்கள் இருந்தன, அரக்கர்கள் இருந்தார்கள், லெவல்கள் இருந்தன. சுவாரசியம் மட்டும் இல்லை. அங்கே வேலை செய்த கென் பேர்ட்வெல் பின்னால் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

அவர்கள் செய்த காரியத்தைக் கவனியுங்கள். ஒரு சிறு குழுவைத் தனியே உட்காரவைத்து, 'இதுவரை யார் செய்த எந்தக் கூத்தாக இருந்தாலும் சரி, ஓரளவு வேலை செய்கிற எல்லாவற்றையும் எடுத்து ஒரே ஒரு லெவலில் போடுங்கள்' என்றார்கள். ஒரு மாதம் கழித்து அந்த லெவலை எல்லோரும் விளையாடினார்கள். குதூகலமாக இருந்தது. அது ஏன் நன்றாக இருக்கிறது, மற்றவை ஏன் நன்றாக இல்லை என்று அலசிப் பார்த்தபோது சில விதிகள் கிடைத்தன. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆட்டக்காரன் செய்வதை உலகம் கண்டுகொள்ள வேண்டும். சுவரில் சுட்டால் சுவரில் குண்டு பட்ட தடம் விழவேண்டும். விஞ்ஞானியின் முன்னால் போய் நின்றால் அவர் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சுட்டும் தடம் விழாத சுவர் வெறும் அட்டை. இன்னொரு விதி, ஆட்டக்காரன் செத்தால் 'தப்பு என்னுடையது' என்று அவனுக்குத் தோன்றவேண்டும். 'கேம் ஏமாற்றிவிட்டது' என்று தோன்றினால் அவன் எழுந்து போய்விடுவான்.

அதன் பிறகு செய்து வைத்திருந்த லெவல்களைக் கழித்துப் போட்டுவிட்டு ஆட்டத்தையே மறுபடி கட்டினார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு குழு வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று மாதக் கணக்கில் உட்கார்ந்து யோசித்தது. வெளியாட்களைக் கூட்டிவந்து விளையாடச் சொல்லி, அந்த லெவலைச் செய்தவரைப் பின்னால் உட்காரவைத்தார்கள். அவர் வாய் திறக்கக்கூடாது, குறிப்புக் கொடுக்கக்கூடாது. தான் 'ரொம்ப சுலபம்' என்று நினைத்து வைத்த புதிரின் முன்னால் ஒருவர் இருபது நிமிடம் முட்டி மோதுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மணி நேர ஆட்டம் முடிந்தால் திருத்தவேண்டியவை நூறு போலக் குறிப்பேட்டில் இருக்குமாம். நம்மில் எழுதுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள் யாருக்காவது இந்தத் தண்டனையை ஏற்க மனம் வருமா? எனக்கு வராது. நீங்கள் கொட்டாவி விட்டால்கூட நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்த உழைப்பு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தெரிகிறது. கார்டன் ஃப்ரீமேன் ஓர் இயற்பியலாளன். பாலைவனத்தடியில் இருக்கும் 'பிளாக் மேசா' ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறான். முதல் சில நிமிடங்கள் ஒரு டிராம் வண்டிப் பயணம், அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. வண்டிக்குள் நீங்கள் நடக்கலாம், இந்த ஜன்னல் அந்த ஜன்னல் என்று போய் எட்டிப் பார்க்கலாம். வெளியே இயந்திரக் கைகள் பெட்டிகளைத் தூக்குகின்றன. ஒரு காவலாளி பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். கேமரா ஒருமுறைகூட உங்கள் கண்ணைவிட்டு வெளியேறுவதில்லை, கடைசிவரை. அதற்கு முன்பெல்லாம் கதை வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்திப் படம் காட்டுவார்கள். இங்கே கதை நீங்கள் நிற்கும் இடத்திலேயே நடக்கிறது. மார்க் லெய்ட்லா என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அவர் எழுதியதில் பெரும்பகுதி வசனமாக இல்லை. காலியான அறையாகவும் உடைந்த கதவாகவும் இருக்கிறது.

நம் ஊருக்கு ஹாஃப்-லைஃப் நேரடியாக வரவில்லை, அதன் பிள்ளை வந்தது. ஆட்டத்தை மாற்றியமைக்கும் கருவிகளை வால்வ் எல்லோருக்கும் கொடுத்ததால், மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999-இல் அதன்மேல் ஒரு புது ஆட்டத்தைச் செய்தார்கள். அதுதான் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'. இங்கே நாற்பது வயதை நெருங்குகிற சிலர் சிரிக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, கல்லூரிக்குப் போகாமல் ஆடியவர்கள். பின்னாலிருந்து சுட்டவனைத் திரும்பிப் பார்த்துத் திட்டியிருக்கிறீர்கள், அவன் அடுத்த நாற்காலியில் இருந்தான்.

'ரெசிடென்ட் ஈவில் 2' என்ற திகில் ஆட்டத்தின் கதை இன்னும் கொடுமை. ஜப்பானின் காப்காம் நிறுவனத்தில் ஹிடெகி காமியா என்ற இருபதுகளில் இருந்த இளைஞரிடம் இயக்குநர் பொறுப்பைக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் முடிந்த நிலையில் அந்த ஆட்டத்தை அப்படியே கைவிட்டார்கள். எல்சா வாக்கர் என்றொரு கதாநாயகி இருந்தாள், மோட்டார் பைக் பந்தயக்காரி, அவளும் போனாள். '1.5' என்று பெயர்பெற்ற அந்தக் கைவிடப்பட்ட வடிவத்தை ரசிகர்கள் இன்றும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதிவந்த நொபோரு சுகிமுரா வந்து கதையைத் திருத்தினார். புது நாயகி கிளேர், முதல் பாகத்து நாயகனின் தங்கையானாள்.

அதில் ஓர் அறை எனக்கு மறக்காது. ஆட்டத்தில் இரண்டு பேர். லியோனாக ஒருமுறை, கிளேராக ஒருமுறை என்று ஒரே இரவை இரண்டு முறை விளையாட வேண்டும். ஆயுதக் கிடங்கில் ஓர் இயந்திரத் துப்பாக்கியும், கூடுதல் சாமான் வைத்துக்கொள்ள ஒரு பையும் இருக்கும். முதல் முறை வரும்போது இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இரண்டாம் முறை மற்றவராக அந்த அறைக்குள் நுழையும்போது அலமாரி காலியாக இருக்கும். எடுத்தது யார்? நீங்கள்தான். பங்கு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் இதைச் செய்துவிட்டார்கள்.

செல்டாவுக்கு வருகிறேன். இதுவும் தள்ளித் தள்ளிப் போன ஆட்டம்தான். நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வரவிருந்த ஒரு வட்டு இணைப்புக் கருவிக்காகத் தொடங்கி, பிறகு சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு மாற்றினார்கள். 32 மெகாபைட்; அதற்குள் ஓர் அரசாட்சியையே அடைக்கவேண்டும். ஒரு கட்டத்தில் தயாரிப்பாளர் மியாமோட்டோ, கதை முழுவதையும் ஒரே கோட்டைக்குள் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார்.

பெரிய சிக்கல் வாள் சண்டை. முப்பரிமாண வெளியில் வாளை வீசினால் எதிரிமேல் படாது. நீங்கள் ஒரு பக்கம் வீசுவீர்கள், அவன் இன்னொரு பக்கம் நிற்பான். இதற்குத் தீர்வு கிடைத்த இடம் கியோட்டோவில் உள்ள ஒரு சினிமா பூங்கா. டோயி நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளம் அது; சாமுராய் படங்களுக்கான பழைய தெருக்கள் எல்லாம் அங்கே உண்டு. கோடைக்காலம், கொளுத்தும் வெயில். செல்டா குழுவைச் சேர்ந்த டோரு ஒசாவாவும் யோஷியாகி கொய்சுமியும் வெயிலுக்கு ஒதுங்க அங்கே ஓர் அரங்குக்குள் நுழைந்தார்கள். உள்ளே நிஞ்ஜா சண்டைக் காட்சி நடந்துகொண்டிருந்தது. நிஞ்ஜா சங்கிலி கட்டிய அரிவாளை வீசுகிறான். சாமுராய் சங்கிலியைத் தன் கையில் பிடித்துக்கொள்கிறான். சங்கிலி விறைத்து நிற்கிறது. நிஞ்ஜா அந்தச் சங்கிலியின் நீளத்துக்குச் சாமுராயைச் சுற்றி வட்டமடிக்கிறான். இருவரும் எங்கே நகர்ந்தாலும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருக்கிறார்கள்.

போதும். கண்ட்ரோலரில் இசட் பட்டனை அழுத்தினால் நாயகனுக்கும் எதிரிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி விழும். அதன் பிறகு நீங்கள் பக்கவாட்டில் போனால் எதிரியைச் சுற்றி வருவீர்கள், பின்னால் போனால் முகம் திருப்பாமல் பின்வாங்குவீர்கள், கேமரா இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்த மேடையில் அவர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள்: பல பேர் சூழ்ந்து நின்றாலும் அடிக்க வருபவன் ஒரு நேரத்தில் ஒருவன்தான். நம் எம்.ஜி.ஆர். படச் சண்டையும் அப்படித்தானே. பத்துப் பேர் கம்பு வைத்திருப்பார்கள், முறை வைத்து வந்து அடி வாங்கிப் போவார்கள். செல்டாவிலும் நீங்கள் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். எந்த எதிரியைப் பிடித்திருக்கிறோம் என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். வெறும் அம்புக்குறி போடாமல் ஒரு சின்னத் தேவதையைப் போட்டார் கொய்சுமி. அடையாளமும் ஆயிற்று, வழித்துணையும் ஆயிற்று, ஒரு கதாபாத்திரமும் ஆயிற்று. அவள் 'ஏய், கேள்' என்று ஓயாமல் தொல்லைப்படுத்துவாள் என்பது வேறு விஷயம்.

ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை அதுவரை எந்த ஆட்டத்துக்கும் 40-க்கு 40 கொடுத்ததில்லை. செல்டாவுக்குக் கொடுத்தது. இன்று வரும் எந்த முப்பரிமாண வாள் சண்டை ஆட்டத்தை எடுத்தாலும் அந்தச் சங்கிலி எங்கோ ஒரு பட்டனில் கட்டப்பட்டிருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது 'தீஃப்'. இதைச் சொன்னால் செல்டா ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், ஒருவர் பின் ஒருவராக. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் 'லுக்கிங் கிளாஸ்' என்றொரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது வாள் சண்டை ஆட்டம். ஆர்தர் அரசன் கதையைத் தலைகீழாக்கி, வில்லன் மார்ட்ரெடை நாயகனாக்கி 'டார்க் கேமலாட்' என்று பெயரும் வைத்தார்கள். அது உருப்படவில்லை. அதில் ஒளிந்து போகிற பகுதி மட்டும் நன்றாக இருந்தது. மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் கேரட் பிறந்தான். திருடன். எதிரே காவல்காரன் வந்து நின்று வாளை உருவினால் கேரட் பெரும்பாலும் செத்தான். அவனுடைய பலம் இருட்டு. திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது பளிச்சிடும், இருட்டுக்குள் போனால் மங்கி அணைந்துவிடும். சுவரில் எரியும் தீப்பந்தத்தைத் தண்ணீர் அம்பு விட்டு அணைக்கலாம். ஆனால் கண்ணைவிடக் காதுக்குத்தான் இதில் வேலை. கம்பளத்தில் நடந்தால் சத்தம் கேட்காது. பளிங்குத் தரையில் நடந்தால் 'டக் டக்' என்று வீடு முழுக்கக் கேட்கும். இரும்புத் தகட்டில் கால் வைத்தால் தொலைந்தீர்கள். அதற்கென்றே பாசி அம்பு உண்டு; விட்டால் தரையில் பாசி படர்ந்து நடக்க மெத்தென்று ஆகும். ஒலி அறையிலிருந்து அறைக்கு எந்த வாசல் வழியாகப் போகும் என்பதை என்ஜின் கணக்குப் போடும். கதவைச் சாத்தினால் சத்தம் மட்டுப்படும். இதே கணக்கு உங்கள் காதுக்கும் உண்டு, காவல்காரன் காதுக்கும் உண்டு.

முதல் வேலை பாஃபர்ட் பிரபுவின் மாளிகையில் செங்கோல் திருடுவது. வாசலில் இரண்டு காவல்காரர்கள் நின்று அன்றிரவு நடக்கப்போகும் கரடிச் சண்டையைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் நன்றாக இருந்தது, இப்போது கரடிகள் சரியில்லை என்கிற ரீதியில் பேச்சு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இருட்டில் சுவரோடு ஒட்டி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்கிறீர்கள். துப்பாக்கிக் குறிக்குள் நின்றால் அவர்கள் இலக்கு. இப்படி நின்று கேட்டால் சம்பளம் பற்றாத இரண்டு வாட்ச்மேன்கள்.

இன்னொரு நுட்பம் சொல்கிறேன். பொதுவாகக் கேமில் கடினநிலையைக் கூட்டினால் எதிரி கூடுவான், உங்கள் உயிர் குறையும். தீஃபில் உச்சநிலைக்குப் போனால் 'யாரையும் கொல்லக்கூடாது' என்று நிபந்தனை சேரும். கைதேர்ந்த திருடனுக்குக் கொலை எதற்கு, அது அரைகுறைகள் செய்வது என்பது அதன் பொருள். வீடியோ கேம் வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறது என்று பேசுகிறவர்கள் இந்த ஓர் ஆட்டத்தையாவது அதன் உச்சநிலையில் ஆடிவிட்டுப் பேசலாம்.

'மெட்டல் கியர் சாலிட்' என் கட்சிக்கு அவ்வளவாக ஒத்துவராது. அதன் இயக்குநர் ஹிடியோ கொஜிமா எதையும் தூக்கிப் போட்டதாகத் தெரியவில்லை; 1990-இல் வந்த தன் பழைய மெட்டல் கியர் ஆட்டத்தில் இருந்ததைப் பலவாறு எடுத்து முப்பரிமாணத்தில் மறுபடி கட்டினார். லெகோ கட்டைகளை அடுக்கி, கேமரா வைத்துப் பார்த்து இடங்களைத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனாலும் அதை விட்டுவிட்டு 1998-ஐப் பேச முடியாது. சைக்கோ மேன்டிஸ் என்ற மனம் படிக்கும் வில்லன், உங்கள் மெமரி கார்டைப் படித்து நீங்கள் வேறு என்னென்ன கேம் ஆடியிருக்கிறீர்கள் என்று சொல்லுவான். கண்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லி, அதை அதிரவைத்து நகர்த்திக் காட்டுவான். அவனை ஜெயிக்க வேண்டுமானால் கண்ட்ரோலரை எடுத்து இரண்டாம் துளையில் செருக வேண்டும். அப்போதுதான் அவனால் உங்கள் மனதைப் படிக்க முடியாது. இன்னோர் இடத்தில் ஒரு ரேடியோ அலைவரிசை தேவைப்படும். 'சி.டி. உறையின் பின்பக்கம் இருக்கிறது' என்பார் ஒருவர். கதைக்குள் ஒரு வட்டு கொடுத்திருப்பார்களே, அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். கிடைக்காது. நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் பிளாஸ்டிக் உறையைத் திருப்பினால் அங்கே ஒரு சின்னப் படத்தில் 140.15 என்று இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்த பிரதியை வைத்து ஆடியவர்களுக்கு உறை ஏது, பின்பக்கம் ஏது?

'ஸ்டார்கிராஃப்ட்' என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தின் கதைக்கு மறுபடியும் 1996-க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு இ3 என்னும் வீடியோ கேம் கண்காட்சியில் ப்ளிசார்ட் நிறுவனம் இதைக் காட்டியபோது, 'உங்கள் பழைய வார்கிராஃப்டையே ஊதா நிறம் பூசி விண்வெளிக்கு அனுப்பியிருக்கிறீர்கள்' என்று கேலி செய்தார்கள். அதே கண்காட்சியில் போட்டி ஆட்டம் ஒன்றின் காட்சி அசத்தலாக இருந்தது. வெட்கப்பட்டுப் போய் ப்ளிசார்ட் தன் ஆட்டத்தை மறுபடி எழுதியது. தங்களை மிரட்டிய அந்தக் காட்சி முன்கூட்டியே தயாரித்து ஓடவிட்ட வெறும் படம், நிஜ ஆட்டமே இல்லை என்று தங்களுக்குப் பின்னால்தான் தெரிந்ததாக அங்கே புரோகிராமராக இருந்த பேட்ரிக் வயட் எழுதியிருக்கிறார். இல்லாத புலியைப் பார்த்துப் பயந்து ஓடியதில் நிஜமாகவே நல்ல ஓட்டக்காரர் ஆகிவிட்டார்கள்.

அவசரத்தில் செய்த ஒட்டு வேலைகளும் அதில் உண்டு. கனிமம் வெட்டிச் சுமக்கும் தொழிலாளிகள் எதிரும் புதிருமாகப் போகும்போது முட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். வழி தேடும் நிரல் திணறும். கடைசியில் வயட் ஒன்று செய்தார். கனிமம் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் தொழிலாளிகள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போகலாம் என்று விட்டுவிட்டார். ஒருவர் மேல் ஒருவர் நடந்து போவது திரையில் அப்பட்டமாகத் தெரியும். ஆடுகிறவர் யாருக்கும் அது உறுத்தவில்லை. பிற்பாடு கொரியப் பந்தயக்காரர்கள் இந்த ஓட்டையையே ஆயுதமாக்கி, எதிரி வாசலை அடைத்து நின்றால் தொழிலாளிகளைக் கனிமத்தை நோக்கி அனுப்பி ஊடுருவ வைத்தார்கள்.

கொரியாவில் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. 1997 கடைசியில் பொருளாதாரம் சரிந்து, பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்க வேண்டி வந்தது. வேலை போனவர்கள் பலர் 'பிசி பாங்' என்னும் கம்ப்யூட்டர் கடைகளைத் திறந்தார்கள். வேலை இல்லாத இளைஞர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஆடுவதற்கு ஸ்டார்கிராஃப்ட் வந்து சேர்ந்தது. 2000-இல் கேமுக்கென்றே தனித் தொலைக்காட்சி வந்துவிட்டது. லிம் யோ-ஹ்வான் என்ற ஆட்டக்காரருக்குச் சினிமா நடிகருக்குப் போல ரசிகர் மன்றம். 2004-இல் பூசான் நகரக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் நம் மாநாட்டுக் கணக்கு இருக்கலாம், கூட்டம் கூட்டம்தான்.

'கிரிம் ஃபாண்டாங்கோ' பற்றி இரண்டு வரி. செத்தவர்களின் உலகம், மெக்சிகோக்காரர்கள் நீத்தார் நாளில் வணங்கும் எலும்புக்கூடு பொம்மைகள்தான் கதாபாத்திரங்கள். நம் சித்திரகுப்தன் அலுவலகத்தில் டார்கெட் வைத்து, புண்ணியக் கணக்குக்கு ஏற்ப டிக்கெட் விற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மேனி கலவேரா அப்படியொரு விற்பனைப் பிரதிநிதி. டிம் ஷேஃபர் எழுதிய வசனம் இன்றும் கூர்மை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மக்கள் வாங்கவில்லை.

இப்போது என் கட்சிக்கு எதிராக நானே ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தால் நல்ல கேம் வந்துவிடுமா? 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 1997-இல் அறிவிக்கப்பட்டது. 1998-இல் அதைச் செய்தவர்கள் என்ஜினையே மாற்றினார்கள். பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வெளியானது 2011-இல், அதுவும் வேறொரு நிறுவனம் கைமாற்றி வாங்கிய பிறகு. ஜான் ரொமேரோ என்ற வடிவமைப்பாளரின் 'டைகட்டானா' 1997 கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது. அதுவும் நடுவில் என்ஜினை மாற்றியது. 2000-இல் வந்து விழுந்தது. இவர்களும் தூக்கிப் போட்டவர்கள்தான்.

எதைத் தூக்கிப் போட்டார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம். இவர்கள் அடுத்தவன் ஆட்டம் நம்முடையதைவிடப் பளபளப்பாக இருக்கிறதே என்று கருவியை மாற்றினார்கள். வால்வ் பழைய குவேக் என்ஜினிலேயே நின்றது. சலிப்பூட்டிய லெவல்களைத்தான் கழித்தது. லுக்கிங் கிளாஸ் சண்டையைக் கழித்து ஒளிவதை வைத்துக்கொண்டது. ஏற்கெனவே கையில் நன்றாக இருந்த ஒரு துண்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டியூக் நியூகெம் குழுவுக்கு எது நன்றாக இருக்கிறது என்று கடைசிவரை முடிவு சொல்ல ஆளில்லை. ப்ளிசார்ட் மட்டும் விதிவிலக்கு. அவர்களும் பளபளப்பைப் பார்த்துத்தான் மிரண்டார்கள், ஆனால் ஒரு தேதியில் நிறுத்தவும் தெரிந்திருந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. தாமதத்துக்கு யார் காசு கொடுத்தது? நியூவெல், ஹாரிங்டன் கையில் மைக்ரோசாஃப்ட் பணம் இருந்தது. நிண்டெண்டோவுக்கும் காப்காமுக்கும் பழைய ஆட்டங்கள் சம்பாதித்து வைத்திருந்தன. லுக்கிங் கிளாஸுக்கு அப்படி எதுவும் இல்லை. தீஃப் செய்துகொண்டிருந்த காலத்திலேயே ஆட்களைக் குறைத்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். 2000 மே மாதம் கடையைச் சாத்தினார்கள். காசு இருந்த இடத்திலும் விலை இருந்தது. ஸ்டார்கிராஃப்டின் கடைசி ஓராண்டு, ஓயாமல் கூடுதல் நேரம் உழைத்துச் செய்தது என்று வயட் எழுதுகிறார். நாம் மேடையில் 'பொறுமை' என்று புகழ்வது அவர்கள் வீட்டில் வேறு பெயரில் வழங்கியிருக்கும்.

இன்றைக்குப் பெரிய நிறுவனம் ஒன்று நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆட்டத்தை நடுவில் குப்பையில் போடுவது அரிது, பங்குதாரர் கேட்பார். இப்போது அந்தத் துணிச்சல் சின்னக் குழுக்களிடம்தான் மிச்சம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கைப்பிடி ஆட்கள் 2019-இல் அறிவித்த 'சில்க்சாங்' 2025 செப்டம்பரில்தான் வந்தது. ஆறரை ஆண்டு. அவர்களுக்கும் முந்தைய ஆட்டம் சம்பாதித்துக் கொடுத்த காசு இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு. ஸ்டார்கிராஃப்ட் மூல ஆட்டத்தை 2017-லிருந்து இலவசமாகவே தருகிறார்கள். ஹாஃப்-லைஃப் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2023-இல் அதன் 25-ஆம் ஆண்டுக்கு வால்வ் புதுப்பித்தும் கொடுத்தது. கிரிம் ஃபாண்டாங்கோ 2015-லும், ரெசிடென்ட் ஈவில் 2 முற்றிலும் புதிதாக 2019-லும் மறுபடி வந்தன. தீஃப் மட்டும் இன்றைய கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும். முகங்கள் எல்லாம் மடித்த அட்டைப்பெட்டி. ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஓரளவு தேறும். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வீட்டில் யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டால் அலறுவீர்கள், அதற்கு நான் பொறுப்பல்ல.